பைகிரேவ் உருளை பிறந்த கதை

நடுக்கடலில் ஒரு மாலுமி செக்ஸ்டன்டைக் கண்ணில் வைத்து, சூரியனின் பிம்பத்தைத் தொடுவானம் வரை இறக்குகிறார். அந்தக் கணத்தின் மணி, நிமிடம், வினாடியைக் குறித்துக்கொள்கிறார். சூரியன் இத்தனை பாகை, இத்தனை கலை உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. இனி அவருக்கு மிச்சம் இருப்பது கணக்கு.

அந்தக் கணக்கு உலக உருண்டையின் மேல் வரைந்த ஒரு முக்கோணம். ஒரு முனை துருவம். இன்னொரு முனை, அந்தக் கணத்தில் சூரியன் எந்த இடத்தின் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறதோ அந்த இடம். மூன்றாவது முனை, கப்பல் இருப்பதாக மாலுமி நினைக்கும் இடம். நினைத்த இடத்தில்தான் கப்பல் நிற்கிறது என்றால் சூரியன் எந்த உயரத்தில், எந்தத் திசையில் தெரியவேண்டும் என்று கணக்குப் போடவேண்டும். கணக்கில் வந்த உயரமும் கண்ணால் அளந்த உயரமும் ஒரு கலை மாறினால், கப்பல் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர், சூரியனை நோக்கியோ அதற்கு எதிர்ப்புறமாகவோ தள்ளி நிற்கிற ஒரு கோட்டின் மேல் இருக்கிறது. அமெரிக்கக் கப்பல் தலைவர் தாமஸ் சம்னர் 1837 டிசம்பரில் அயர்லாந்துக் கரையோரம் கண்டுகொண்ட கோடு இது. 1875-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் சான்திலேர் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

கோட்பாடு இவ்வளவுதான். ஆனால் உயரம் கண்டுபிடிக்கும் வாய்பாட்டில் சைன்களும் கோசைன்களும் ஒன்றோடொன்று பெருகி, பிறகு கூட்டப்படுகின்றன. ஆடுகிற மேசையில், ஈரக் கையோடு, ஐந்து இலக்க எண்களைப் பெருக்குவது தப்புக்கு அழைப்பு வைப்பதுதான்.

இந்தச் சுமையை முதலில் இறக்கிவைத்தவர் எடின்பரோ அருகே மெர்கிஸ்டன் கோட்டையில் வாழ்ந்த ஜான் நேப்பியர். 1614-ல் அவர் வெளியிட்ட லத்தீன் நூல் மடக்கைகளை உலகுக்குத் தந்தது. பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றும் வித்தை அது. பிளஸ் டூவில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டிய யாருக்கும் அந்த நிம்மதி தெரியும். ஆனால் அந்த நூலில் இருந்த பட்டியல் வெறும் எண்களின் மடக்கையல்ல, சைன்களின் மடக்கை. நேப்பியரின் மனத்தில் இருந்தது வானவியலும் முக்கோணமும்தான். அதே நூலில் இன்னொரு பரிசும் இருந்தது: கோளத்தின் மேல் வரைந்த செங்கோண முக்கோணங்களைக் கையாள எளிய விதிகள். இந்த இரண்டாவது பரிசை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்நூறு ஆண்டு கழித்து அது மறுபடி வேலைக்கு வரும்.

லண்டனில் கிரெஷாம் கல்லூரியின் வடிவகணிதப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் அந்த நூலைப் படித்துவிட்டு, 1615-ல் நேப்பியரைப் பார்க்க எடின்பரோவுக்கே பயணம் போனார். பத்தை அடிப்படையாகக் கொண்ட மடக்கைகள் அந்தச் சந்திப்பில் உருவாகி, 1617-ல் பிரிக்ஸ் வழியாக அச்சேறின. அதே கல்லூரியில் 1619-ல் வானவியல் பேராசிரியரானவர் எட்மண்ட் கண்டர். அவர் பட்டியலைக் கோடாக மாற்றினார். மரச்சட்டத்தின் மேல் மடக்கை அளவில் எண்களைக் குறித்தார். பக்கத்திலேயே சைன்களுக்கு ஒரு கோடு, டேன்ஜென்ட்டுகளுக்கு ஒரு கோடு. கவராயத்தின் இரு முனைகளால் ஒரு நீளத்தை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தால் பெருக்கல் முடிந்தது. கடலோடிகள் அந்தச் சட்டத்தைக் கண்டர் என்றே அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அது கப்பல்களில் இருந்தது. பாதிரியார் வில்லியம் ஆட்ரெட் கவராயத்தை விட்டுவிட்டு, இரண்டு கண்டர் சட்டங்களை ஒன்றையொட்டி ஒன்று நகர்த்தினார். அளவுகோல்களை வட்டமாகவும் வரைந்தார். யார் முதலில் என்று அவருக்கும் ரிச்சர்ட் டெலமெய்னுக்கும் 1630-களில் நடந்த சண்டை கசப்பானது. அதில் நமக்கு வேலை இல்லை. ஸ்லைடு ரூல் பிறந்துவிட்டது.

கடலுக்காகக் கோடு போட்ட கருவி கரையில்தான் பெரிய வாழ்வு வாழ்ந்தது. பாலம் கட்டியவர், இயந்திரம் வடித்தவர், சாராயத்துக்கு வரி போட்டவர் எல்லாரும் அதைக் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் வானத்தைப் பார்த்து இடம் காணும் கணக்கை அதனால் முழுதாகப் போட முடியவில்லை. துல்லியம் போதாது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இரண்டு தனித்தனிக் குறைகள் அங்கே இருந்தன.

முதல் குறை, ஸ்லைடு ரூலுக்குக் கூட்டத் தெரியாது. பெருக்கும், வகுக்கும், அவ்வளவுதான். உயர வாய்பாட்டிலோ இரண்டு பெருக்கல்களைக் கூட்டியாக வேண்டும். ஒவ்வொரு பெருக்கலாக முடித்து, தாளில் எழுதி, கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குரிய கோணத்தை மறுபடி சட்டத்தில் தேடவேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. வாய்பாடு கடைசியில் தருவது உயரத்தின் சைன். சைன் அளவுகோல் 90 பாகையை நெருங்க நெருங்க ஒடுங்கிவிடுகிறது. 25 செ.மீ. நீளமுள்ள சாதாரணச் சட்டத்தில் 70 பாகையிலிருந்து 80 பாகை வரை கிடைக்கும் இடம் சுமார் 5 மி.மீ. அந்த 5 மி.மீ.க்குள் 600 கலைகள், அதாவது 600 கடல் மைல், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 80-லிருந்து 90 வரை 2 மி.மீ.கூட இல்லை. வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில் இந்தச் சட்டத்தை நம்பினால் ஊரே மாறிப்போகும்.

ஆகவே மாலுமிகள் மடக்கைப் பட்டியலோடே இருந்தார்கள். அவர்களுக்கு அவசரமும் இல்லை. மணிக்குப் பத்துக் கடல் மைல் போகும் கப்பலில் கால் மணி நேரம் கணக்குப் போட்டால், முடிக்கும்போது கப்பல் இரண்டரை மைல் நகர்ந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது எளிது.

விமானம் வந்ததும் இந்த நிதானம் போய்விட்டது. 1919 ஜூனில் விமானி அல்காக்கும் அவருடைய வழிகாட்டி பிரௌனும் அட்லாண்டிக்கை ஒரே பாய்ச்சலில் கடந்தபோது, திறந்த இருக்கையில் உட்கார்ந்து மேகங்களின் இடைவெளியில் சூரியனையும் விண்மீன்களையும் அளந்து வழி சொன்னவர் பிரௌன். மணிக்கு நூறு மைல் வேகத்தில் கால் மணி நேரக் கணக்கு என்றால் விடை வரும்போது விமானம் இருபத்தைந்து மைல் போயிருக்கும். காற்று தாள்களைப் பிடுங்கும். குளிரில் விரல் விறைக்கும். ஐந்து இலக்கப் பட்டியலில் இரண்டு வரிகளுக்கு நடுவே இடைமதிப்புக் கண்டுபிடிக்கும் இடம் அது அல்ல.

பிரிட்டிஷ் விமானப் படையைச் சேர்ந்த கேப்டன் எல். சி. பைகிரேவ் 1920 வாக்கில் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். நீளமான ஸ்லைடு ரூல் செய்வதோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயம் இல்லை. உருளையின் மேல் அளவுகோலைச் சுற்றி நீளம் கூட்டும் உத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புல்லர் என்பவரின் கருவியில் வந்துவிட்டது. பைகிரேவ் கணக்கையே மாற்றினார்.

அவர் அந்த முக்கோணத்தை இரண்டாக வெட்டினார். சூரியன் நிற்கும் முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு. இப்போது இரண்டு செங்கோண முக்கோணங்கள். 1614-ஆம் ஆண்டு நூலில் மடக்கைக்குப் பக்கத்திலேயே கிடந்த விதிகள் இங்கே பொருந்தின. செங்கோண முக்கோணத்தில் எல்லாமே ஒற்றைப் பெருக்கலாகவோ வகுத்தலாகவோ முடிந்துவிடும்; இரண்டு பெருக்கல்களைக் கூட்டும் வேலையே இல்லை. நேப்பியரின் இரு பரிசுகளும் ஒரு குழாயில் சேர்ந்தன.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். வடக்கு 30 பாகை அட்சரேகையில் இருக்கிறோம். ஜனவரி மூன்றாம் வாரம். சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகை விலகி நிற்கிறது. உள்ளூர் நண்பகல் கழிந்து 2 மணி 40 நிமிடம் ஆகிவிட்டது, அதாவது மணிக்கோணம் 40 பாகை. முதல் படி: விலக்கத்தின் டேன்ஜென்ட்டை மணிக்கோணத்தின் கோசைனால் வகுக்கவேண்டும். கிடைப்பது ஓர் இடைக்கோணத்தின் டேன்ஜென்ட். அந்தக் கோணம் 25 பாகை 25 கலை. சூரியன் நமக்கு எதிர்ப்பாதியில் இருப்பதால், 90-இலிருந்து அட்சரேகையைக் கழித்த 60 பாகையில் இதையும் பென்சிலால் கழித்தால் 34 பாகை 35 கலை. இரண்டாம் படி: மணிக்கோணத்தின் டேன்ஜென்ட்டை முதல் கோணத்தின் கோசைனால் பெருக்கி, இரண்டாவது கோணத்தின் கோசைனால் வகுத்தால் சூரியனின் திசைக்கோணத்தின் டேன்ஜென்ட் வரும். திசை, தெற்கிலிருந்து மேற்கே 42 பாகை 38 கலை. மூன்றாம் படி: அந்தத் திசைக்கோணத்தின் கோசைனை இரண்டாவது கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் உயரத்தின் டேன்ஜென்ட். உயரம் 26 பாகை 54 கலை. கால்குலேட்டரில் நேர் வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தாலும் இதே விடைதான்.

மூன்று படியிலும் விடையை எங்கே படிக்கிறோம் என்று கவனித்தால் பைகிரேவின் மேதைமை புரியும். விடை எப்போதும் டேன்ஜென்ட் அளவுகோலில்தான் வருகிறது. டேன்ஜென்ட்டின் மடக்கை எந்த இடத்திலும் சைன் போல ஒடுங்காது. மிகவும் நெருக்கமான இடமான 45 பாகையிலும் ஒவ்வொரு கலைக்கும் கணிசமான இடம் உண்டு. இரு ஓரங்களை நோக்கிப் போகப் போக விரிந்துகொண்டே இருக்கும். கோசைன் அளவுகோலோ சிறு கோணங்களில் ஒடுங்கும். ஆனால் அதில் நாம் எதையும் படிப்பதில்லை, எண்ணை வைப்பது மட்டும்தான். அளவுகோல் ஒடுங்கிய இடத்தில் கோணத்தைச் சற்று முன்பின்னாக வைத்தாலும் விடை அசையாது. ஒரு குறை அப்படியே அனுகூலமாகிவிட்டது. பள்ளியில் திரிகோணமிதி நடத்தும் ஆசிரியர் ஒருவராவது இந்த மூன்று படிகளை வகுப்பில் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சைனுக்கும் டேன்ஜென்ட்டுக்கும் உள்ள குணவேறுபாடு மறக்கவே மறக்காது.

லண்டனின் ஹென்றி ஹியூஸ் அண்ட் சன் என்ற கருவி நிறுவனம் பைகிரேவின் கருவியைச் செய்து விற்றது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய்கள். உள்குழாயில் டேன்ஜென்ட் அளவுகோல், நூற்கண்டில் நூல் சுற்றுவது போலத் திருகுச் சுற்றாக ஓடும். பிரித்து நீட்டினால் சுமார் ஏழு மீட்டர் வரும். நடுக்குழாயில் கோசைன் அளவுகோல். வெளிக்குழாயில் எண்ணைச் சுட்டும் முட்கள். குழாய்களைத் திருகியும் இழுத்தும் முள்ளைப் பொருத்தவேண்டும். ஒரு கையில் பிடிக்கலாம். பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் விடை. பிழை ஒன்றிரண்டு கலை. சூரியன் நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ நிற்பது போன்ற சில நேரங்களில் மட்டும் கருவி தடுமாறும். அந்த நேரங்களுக்கு வேறு வழியில் சுற்றிப் போகவேண்டும். மற்ற நேரங்களில், ஆட்டம் காணும் விமானத்திலிருந்து அளக்கும் உயரத்தில் ஐந்து, பத்துக் கலை பிழை சாதாரணம் என்பதை நினைத்தால், இந்த ஒன்றிரண்டு கலை ஒரு பொருட்டே இல்லை.

கருவிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் விமானி பிரான்சிஸ் சிசெஸ்டர். 1931-ல் அவர் மிதவைகள் பூட்டிய ஒரு சிறு ஜிப்சி மாத் விமானத்தில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் புறப்பட்டார். டாஸ்மன் கடலை ஒரே மூச்சில் தாண்ட அந்த விமானத்தில் எரிபொருளுக்கு இடம் இல்லை. வழியில் நார்ஃபோக் தீவிலும் லார்ட் ஹோ தீவிலும் இறங்கியே ஆகவேண்டும். நார்ஃபோக்கின் பரப்பு 35 சதுர கி.மீ. அளவுதான், லார்ட் ஹோ அதில் பாதியும் இல்லை. தவறவிட்டால் சுற்றிலும் கடல். ஓட்டுவதும் அவர்தான், செக்ஸ்டன்ட் பிடிப்பதும் அவர்தான், பைகிரேவ் உருளையைத் திருகுவதும் அவர்தான்.

ஒரு சூரியன், ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறோம் என்று மட்டும்தான் தெரியும். தீவை நோக்கி நேராகப் பறந்து கோட்டை அடைந்தால், தீவு கண்ணில் படாதபோது இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கமா என்று சொல்ல வழியில்லை. ஆகவே சிசெஸ்டர் வேண்டுமென்றே தீவுக்கு ஒரு பக்கமாக வெகுதூரம் விலகிப் பறந்தார். தீவின் வழியாகச் செல்லும் கோட்டை அடைந்துவிட்டோம் என்று சூரியனும் உருளையும் சொன்னதும், சந்தேகமே இல்லாமல் மறுபக்கம் திரும்பினார். அந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கண்ணுக்கு எதுவும் தெரியாத கடலின் மேல், சரியாகப் போய்க்கொண்டிருப்பதாக உடம்பு சொல்லும் திசையை விட்டுவிட்டு, மூன்று படிக் கணக்கை நம்பி விமானத்தைத் திருப்பவேண்டும். நார்ஃபோக் கிடைத்தது; பிறகு லார்ட் ஹோவும் கிடைத்தது. லார்ட் ஹோவில் நங்கூரமிட்டிருந்த விமானம் புயல்காற்றில் கவிழ்ந்து நொறுங்க, தீவு மக்களின் துணையோடு அதைப் பல வாரம் பழுதுபார்த்து ஆஸ்திரேலியக் கரையைத் தொட்டார். 1966-67-ல் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்து சர் பட்டம் பெற்றவரும் இவரே.

ஜெர்மனியில் டென்னர்ட் அண்ட் பாப்பே நிறுவனம் இதே முறையில் உருளைகள் செய்து, தங்கள் நாட்டு விமானப் படைக்கும் கடற்படைக்கும் கொடுத்தது. எதிரெதிர் அணிகளின் கைகளில் ஒரே கணக்கு.

ஸ்லைடு ரூலைக் கால்குலேட்டர் கொன்றது என்பது பொதுவாகச் சரி. பைகிரேவ் உருளையைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. அதை முன்னதாகவே ஓரங்கட்டியது புத்தகம். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஏஜெட்டன் 1931-ல் முக்கோணத்தை அதேபோல் இரண்டாக வெட்டி, முழு உலகுக்கும் ஒரு மெல்லிய பட்டியல் நூலில் வேலையை முடித்தார். பிறகு கணக்கையே மாலுமியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லா அட்சரேகைக்கும், எல்லா மணிக்கோணத்துக்கும் விடையை முன்கூட்டியே போட்டு, தடித்தடி நூல்களாக அச்சிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களில் வழிகாட்டிகள் புரட்டியது இத்தகைய நூல்களைத்தான். பக்கத்தைத் திறந்தால் உயரமும் திசையும் தயாராக நிற்கும். எடையும் பருமனும்தான் விலை.

அறிவியல் கால்குலேட்டர் சட்டைப்பைக்கு வந்தது 1972-ல். ஹியூலெட் பேக்கார்ட் அந்த ஆண்டு விற்ற எச்.பி.-35-ன் விலை 395 டாலர். முப்பத்தைந்து விசைகள், சட்டைப்பைக்குள் அடங்கும் உடல், பத்து இலக்க விடை, சைனும் கோசைனும் ஒரே தட்டில். மின்னணு ஸ்லைடு ரூல் என்றே அதை விளம்பரம் செய்தார்கள். 1974-ல் வந்த எச்.பி.-65 காந்த அட்டையிலிருந்து நிரலை வாங்கிக்கொண்டது. 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் தமயா நிறுவனம் கடற்பயணத்துக்கென்றே கால்குலேட்டர் செய்தது. அதே பத்தாண்டிலேயே பெரிய நிறுவனங்கள் ஸ்லைடு ரூல் செய்வதை நிறுத்திவிட்டன.

கால்குலேட்டரின் வருகையோடு பைகிரேவின் வெட்டு தேவையற்றுப் போனது. கூட்டத் தெரிந்த கருவிக்கு முக்கோணத்தை ஏன் உடைக்கவேண்டும்? பழைய நேர் வாய்பாடு, நேப்பியருக்கும் முன்பிருந்தே மனிதர் அறிந்த அதே வாய்பாடு, மறுபடி அரியணை ஏறியது. கையில் இருக்கும் கருவி எதைச் செய்ய மறுக்கிறதோ அதைச் சுற்றியே கணிதம் தன் வழியை வகுத்துக்கொள்கிறது. மறுப்பு நீங்கினால் அந்த வழியில் புல் முளைக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

உருளை, கால்குலேட்டர் இரண்டில் எது மேல் என்று கேட்பவர்களுக்கு என் பதில் நேரானது. வேகத்திலும் துல்லியத்திலும் கால்குலேட்டர்தான். ஆனால் அதன் பத்து இலக்கத்தில் கடலுக்குப் பயன்படுவது நான்கு. கடிகாரம் நான்கு வினாடி தவறினால் ஒரு கலை போயிற்று. கடல்மட்டத்திலிருந்து கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் இரண்டரைக் கலை தாழ்ந்து தெரியும். அந்த உயரத்தைத் தவறாகக் கணித்தால் அதிலும் கொஞ்சம் போகும். அலை, மூட்டம், கை நடுக்கம் வேறு. உருளையின் ஒன்றிரண்டு கலைப் பிழை இந்தக் கூட்டத்தில் தனித்துத் தெரியாது. தப்பு செய்யும் விதமும் வேறு. கால்குலேட்டரில் தெற்கு அட்சரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்தால், அல்லது 25 பாகை 25 கலையை 25.25 என்று தட்டிவிட்டால், பத்து இலக்கமும் மினுமினுக்கத் தப்பான விடை வரும். உருளையில் ஒரு சுற்று மாறிப் படிக்கும் ஆபத்து உண்டு என்றாலும், ஒவ்வொரு படியிலும் கோணம் கண்முன்னால் நிற்பதால் பழகியவர் சட்டென்று பிடித்துவிடுவார். பொறுப்புள்ள மாலுமி கால்குலேட்டரில் போட்டுவிட்டு, வேறு வழியில் ஒருமுறை சரிபார்ப்பார். அந்த வேறு வழியாக எனக்குப் பைகிரேவைவிடப் பொருத்தமானது தெரியவில்லை.

ஹியூஸ் செய்த அசல் உருளைகள் இன்று அரியவை. அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும்தான் பார்க்கலாம். ஆனால் ஆர்வலர்கள் இரண்டு அளவுகோல்களையும் கணினியில் வரைந்து, ஒன்றைத் தாளிலும் மற்றதை ஒளி ஊடுருவும் தாளிலும் அச்சிட்டு, பிளாஸ்டிக் குழாயில் சுற்றித் தாங்களே செய்துகொள்கிறார்கள். திருகுச் சுற்றைக் கிடைக்கோடுகளாக அடுக்கி, உருளையே இல்லாமல் தட்டையாகச் செய்பவர்களும் உண்டு. படகில் இடம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். இன்று கப்பல்களில் வைத்திருக்கும் அமெரிக்க உயரப் பட்டியல் ஆறு தொகுதிகள், ஒவ்வொன்றும் பதினைந்து பாகை அட்சரேகைக்கு. குழாய் ஒன்றே ஒன்று, அது துருவம் முதல் நிலநடுக்கோடு வரை போதும்.